அசையும் முள்ளும் அலையும் மனமும்

பாடத்தைப் படித்துக்கொண்டே போகிறோம். கண் வரிகளின் மீது ஓடுகிறது, பக்கமும் புரள்கிறது. படித்தது என்னவென்று கேட்டாலோ விழிக்கிறோம். மாணவப் பருவத்தில் இதனைச் சோம்பல் என்றெண்ணி நான் என்னையே நொந்துகொண்டதுண்டு. அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு யுத்தகால வரலாறு.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் கடல்மீது பறந்து ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடின. விமானத்தில் ஒருவர் ராடார் திரையை மணிக்கணக்காக உற்று நோக்கியிருப்பார். அதில் தோன்றும் சிறு ஒளிப்புள்ளியை அவர் தவறவிட்டால், மாலுமிகள் நிறைந்த கப்பலொன்று கடலுக்கு இரையாகலாம். ஆயினும், தேர்ச்சி பெற்றவர்களே தவறவிட்டனர். காரணம் யாது?

விடை காண முற்பட்டவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய நார்மன் மாக்வொர்த். எண்களற்ற கடிகார முகம் ஒன்றை அவர் அமைத்தார். அதன் முள் வினாடிக்கு ஓர் அடி நகரும். அரைமணியில் பன்னிரண்டு முறை மட்டும் இரண்டடி தாவும். தாவலைக் கண்டதும் விசையை அழுத்த வேண்டும். இவ்வாறு இரண்டு மணி நேரம்! முதல் அரைமணி கழிந்ததுமே தவறுகள் பெருகின. அரைமணிக்கொரு முறை ஓய்வளித்தாலும், சரியா தவறா என்று உடனுக்குடன் அறிவித்தாலும் கவனம் தளரவில்லை. இம்முடிவுகள் 1948-இல் வெளியாயின.

அப்படியானால், வேலை கடினமானால் மனம் அடங்குமா? ஓரளவு அடங்கும். கண்ணுக்கு நிறைய வேலையிருந்தால் புற இடையூறுகள் உள்ளே நுழைய இடமில்லை என்று 1995-இல் நில்லி லாவி என்னும் அறிஞர் விளக்கினார். வேறு எண்ணங்களும் அப்போது குறைகின்றன என்பது 2009-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆனால் எல்லையுண்டு. எளிய பகுதியைவிடக் கடினமான பகுதியைப் படிக்கையில் மனம் அதிகம் அலைந்தது என 2013-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டிற்று. பொருள் பிடிபடாதபோது, மனம் பற்றிக்கொள்ளக் கொம்பில்லாத கொடியாகிறது.

ஆகவே மாணவ நண்பர்களே, மனம் அலைந்தால் உங்களை வையாதீர்கள். வேலையின் அளவைப் பாருங்கள். மிக எளிதாயின், வினாக்களை எழுப்பிக் கனமாக்குங்கள். மிகக் கடிதாயின், சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். அரைமணிக்கொரு முறை புத்தகத்தை மூடி, 'என்ன படித்தேன்?' என்று கேளுங்கள். ராடார் முன் அமர்ந்தவருக்கு வேண்டியிருந்த ஓய்வும் விடையும் அந்த ஒரு கேள்வியில் நமக்குக் கிடைத்துவிடுகின்றன.