வைட்டமின் டி குறைபாடு (முதுமையில்)

இரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இறங்கும் நிலை. வெயிலுக்குப் பஞ்சமில்லாத செட்டிநாட்டிலும் வரக்கூடியது. கொத்தமங்கலம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் முற்றத்தில் வெயில் கொட்டும். ஆனால் முதியவர்கள் வளவுத் தூண் நிழலை விட்டு நகர்வது அரிது. இளவெயில் போதும் என்பது நம்மூர் நம்பிக்கை. தோலில் வைட்டமினை உண்டாக்கும் புறஊதா-பி கதிர் வலுப்பதோ முற்பகல் 10 மணிக்குமேல்தான். வயது ஏற ஏறத் தோலின் திறனும் குறைகிறது. இக்குறைபாட்டால் எலும்பு மெலியும், தொடைத்தசை தளரும், உட்கார்ந்தால் எழ முடியாது; மூட்டுவலி என்று தைலம் தேய்த்தே காலம் போய்விடும். மீன், முட்டை மஞ்சள்கரு தவிர உணவில் அதிகம் கிடைக்காது. மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும்: 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், ஆண்டுக்கொருமுறை 5 லட்சம் அலகு உட்கொண்ட மூதாட்டிகளிடம் விழுதலும் எலும்பு முறிவும் கூடின.