குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது? அமெரிக்க வீடுகளுக்குள் இனவெறி பேசப்பட்ட நூறு வருடம்

1919ல் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் முன்னாடி ஒரு சிக்கல் வந்து நின்றது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர். கறுப்பின மக்களின் உரிமைக்காக இயங்கிய என்ஏஏசிபி அமைப்புக்காக ‘தி கிரைசிஸ்’ என்ற மாத இதழை 1910லிருந்து நடத்திக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அக்டோபரில் அது குழந்தைகள் சிறப்பிதழாக வரும். வாசகர்கள் ரொம்ப விரும்பிய இதழும் அதுதான்.

சிக்கல் என்னன்னா, குழந்தைகள் சிறப்பிதழா இருந்தாலும் அந்த மாதத்துச் செய்திகளைப் போட்டே ஆகணும். 1919 கோடையில் சிகாகோ, வாஷிங்டன் உட்படப் பல ஊர்களில் கறுப்பின மக்கள் மீது கும்பல்கள் பாய்ந்தன. கொலைகள் நடந்தன. வரலாற்றில் அதை ‘சிவப்புக் கோடை’ என்கிறார்கள். இந்தச் செய்திகளுக்கும் குழந்தைகளின் சிரித்த முகப் படங்களுக்கும் ஒரே அட்டைக்குள் இடம். பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். வெள்ளைக்காரர்கள் தன்னை வெறுக்கிற அளவுக்குத் தானும் அவர்களை வெறுப்பதாகவும், ஒருவேளை அதைவிடக் கூடுதலாகவே வெறுப்பதாகவும் அதில் இருந்தது.

டு பாய்ஸ் அதிர்ந்துபோனார். குழந்தைகளிடம் நடப்பதை மறைக்க முடியாது. மறைத்தாலும் தெருவில் இறங்கினா தெரிஞ்சிடும். ஆனா அப்படியே கொட்டினால் அவர்கள் மனசில் வெறுப்பு மட்டும்தான் தங்கும். அப்போ எப்படிச் சொல்றது?

இன்னிக்கு ஃபோனில் வரும் வீடியோவைப் பார்த்துட்டுக் குழந்தை கேள்வி கேட்கும்போது எந்த அம்மா அப்பாவும் மாட்டிக்கிற இடம் இதேதான். பத்திரிகை, டிவி, ஃபோன் என்று பெட்டிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. டு பாய்ஸின் கேள்விக்கு ஒவ்வொரு பெட்டியும் என்ன பதில் சொன்னது என்று தேடிப் படித்ததில் கிடைத்த குறிப்புகள் இவை.

காகம் கொண்டுவந்த செய்தி

டு பாய்ஸ் கண்ட வழி, கறுப்பினக் குழந்தைகளுக்கென்றே ஒரு மாத இதழ். பேர் ‘தி பிரௌனீஸ் புக்’. 1920 ஜனவரியில் தொடங்கியது, விலை 15 சென்ட். இலக்கியப் பகுதியை ஜெசி ஃபாசெட் பார்த்துக்கொண்டார், நிர்வாகத்தை அகஸ்டஸ் டில் கவனித்தார்.

இதில் டு பாய்ஸே எழுதிய செய்திப் பகுதி ஒன்று உண்டு. ஒரு காகம் உலகத்துக்கு மேலே பறந்து, பார்த்ததைக் குழந்தைகளுக்குச் சொல்லும். கறுப்பா இருக்கிற அந்தக் காகம் ரொம்ப அழகு என்று முதல் இதழிலேயே சொல்லிவிடுகிறார். போர், வேலைநிறுத்தம், கலவரம் எல்லாம் அந்தப் பகுதியில் வரும். எதையும் மூடி மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பினால் படிப்பில் சாதித்த பிள்ளைகளின் படங்கள், கறுப்பின முன்னோர்களின் வாழ்க்கைக் கதைகள், விளையாட்டுகள். 1917ல் இனக் கலவரத்தைக் கண்டித்து நியூயார்க்கில் நடந்த மௌன ஊர்வலத்தில் குழந்தைகள் நடந்துபோன படமும் முதல் இதழில் இருந்தது. கலவரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளும் பிள்ளை, அதை எதிர்த்து நடந்த பிள்ளைகளையும் கூடவே பார்க்கிறது.

வாசகர் கடிதப் பகுதியில் ஒரு பையன் எழுதியது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. வீடுகளுக்கு வரைபடம் போடுகிற வேலைக்குப் போக அவனுக்கு ஆசை. அதை ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் சொன்னபோது, கறுப்புப் பசங்க அதெல்லாம் செய்றதில்லைன்னு அவன் சிரித்துவிட்டான். கறுப்புப் பையன்கள் பெரியவர்களாகி என்னென்ன வேலை செய்யலாம்னு உங்க பத்திரிகையில் போடுங்கள் என்று கேட்டிருந்தான். கும்பலும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனா இனவெறி அன்றாடம் வேலை செய்கிற விதம் இதுதான். இந்தக் கடிதத்துக்கு இடம் கொடுத்த பத்திரிகைக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

சந்தா போதவில்லை. 24 இதழ்களோடு 1921 டிசம்பரில் நின்றுபோனது. பிற்காலத்தில் பெரிய கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸ் அன்று பதின்ம வயதுப் பையன். அவருடைய ஆரம்பக் கால எழுத்துகள் வந்ததும் இந்த இதழில்தான்.

ஒரு தாய் எடுத்த முடிவு

அடுத்தது 1955. சிகாகோவைச் சேர்ந்த எம்மெட் டில்லுக்கு வயது 14. மிசிசிப்பி மாநிலத்தில் மணி என்ற சின்ன ஊருக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனான். கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று குற்றம் சாட்டி, ஆகஸ்ட் 28 அன்று அவனைக் கடத்திச் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் போட்டார்கள். அடையாளம் தெரியாத அளவுக்குச் சிதைந்துபோன உடல் சிகாகோ வந்தது.

அவனுடைய அம்மா மேமி டில் சவப்பெட்டியை மூட விடவில்லை. நடந்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து பார்த்தார்கள். கறுப்பின வாசகர்களுக்காக வெளிவந்த ‘ஜெட்’ வார இதழ் அந்த முகத்தின் படத்தை அச்சிட்டது. வெள்ளையர் நடத்திய பெரிய பத்திரிகைகள் அதைப் போடவில்லை. அதனால் கறுப்பினக் குடும்பங்களில் அந்த இதழ் கைமாறிக் கைமாறிப் போனது, அடுத்த தெருவில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தின் கண்ணில் அது படவே இல்லை. ஒரே நாடு, ஆனால் இரண்டு வரவேற்பறைகளில் இரண்டு விதமான செய்தி.

கொன்றவர்களை, முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசிவிட்டு விடுதலை செய்தது. சில மாதங்களில் அவர்களே ‘லுக்’ பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, நாங்கதான் கொன்னோம்னு சொன்னார்கள்.

அந்தப் படத்தைச் சின்ன வயசில் பார்த்த பலர், 1960களின் உரிமைப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றார்கள். தங்களை ‘எம்மெட் டில் தலைமுறை’ என்று சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. அப்படியானால் பயங்கரத்தைக் காட்டினாலே போதும்னு ஆகிடுமா? எனக்கு அப்படித் தோணலை. படத்தோடு மேமி டில்லும் கூடவே இருந்தார். ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார். பிறகு சிகாகோ பள்ளிகளில் ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். படம் பார்த்த பிள்ளைகளுக்கு மகனுக்காக நின்ற ஒரு தாயும் தெரிந்தார்.

நடுவில் நிறுத்தப்பட்ட படம்

1965 மார்ச் 7, ஞாயிறு இரவு. ஏபிசி சேனலில் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. நாஜிச் சட்டத்துக்குத் துணைபோன ஜெர்மன் நீதிபதிகள் மீதான விசாரணைதான் கதை. நடுவில் படத்தை நிறுத்தி, அன்று பகலில் அலபாமாவின் செல்மாவில் எடுத்த காட்சிகளைச் சுமார் 15 நிமிடம் ஒளிபரப்பினார்கள். ஓட்டுரிமை கேட்டு எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்துவந்த சுமார் 600 பேரை, மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் தாக்குகிற காட்சி.

பார்த்தவர்கள் சுமார் 4.8 கோடிப் பேர் என்று சொல்லப்படுகிறது. இதெல்லாம் நடக்கும்போது சாதாரண ஜெர்மன்காரங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, அடுத்த நிமிஷம் அதே கேள்வி சொந்த நாட்டைப் பற்றி வந்து நின்றது. சில நாட்களில் பல மாநிலங்களிலிருந்து ஆட்கள் செல்மாவுக்குக் கிளம்பினார்கள். ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டபிள்யூஎல்பிடி என்று ஒரு டிவி நிலையம். 1950களில் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷலின் பேட்டி தேசிய ஒளிபரப்பில் வந்தபோது, அதை வெட்டிவிட்டு ‘கேபிள் கோளாறு’ என்று அறிவிப்புப் போட்டது. அதாவது எரர் மெசேஜே பொய்! எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார் 1964ல் உள்ளூர் தன்னார்வலர்களை வைத்து அந்த நிலையத்தின் ஒளிபரப்பை ஒரு வாரம் முழுக்கக் குறிப்பெடுக்க வைத்தார். அந்த ஆதாரத்தோடு வழக்கு நடந்தது. டிவி உரிமத்தைப் பற்றிக் கேள்வி கேட்கப் பார்வையாளர்களுக்கும் உரிமை உண்டு என்று 1966ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1969ல் அந்த நிலையம் உரிமத்தை இழந்தது. என் கணக்கில் இதுவும் இனவெறி எதிர்ப்புப் பாடம்தான். எது காட்டப்படுகிறது என்பதோடு, எது காட்டப்படாமல் போகிறது என்றும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

ஒரு தொட்டித் தண்ணீர்

1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினரும் வெள்ளையருமாகப் போராட்டக்காரர்கள் இறங்கினார்கள். விடுதி மேலாளர் அந்தத் தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

ஐந்து வருஷம் கழித்து, 1969ல், ‘மிஸ்டர் ரோஜர்ஸ் நெய்பர்ஹுட்’ குழந்தைகள் நிகழ்ச்சியில் ஒரு காட்சி. வெயில் நாள். ஃபிரெட் ரோஜர்ஸ் சின்ன பிளாஸ்டிக் தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் வரும் போலீஸ்காரர் கிளெமன்ஸையும் கூப்பிடுகிறார். கறுப்பினப் பாடகர் ஃபிரான்சுவா கிளெமன்ஸ் நடித்த வேடம். இரண்டு ஜோடிக் கால்கள் ஒரே தண்ணீரில். பிறகு ஒரே துண்டில் துடைத்துக்கொள்கிறார்கள். இனம் என்ற வார்த்தையே வராது. நாலு வயசுக் குழந்தைக்கு அது சாதாரண விஷயம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோருக்குத்தான் அமிலம் ஊற்றிய குளம் ஞாபகம் வந்திருக்கும்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. போலீஸ்காரராக நடிக்க கிளெமன்ஸ் முதலில் தயங்கினார். அவர் வளர்ந்த பகுதியில் போலீஸ் என்றால் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பயம்தான். டிவி காட்டியது அன்றைக்கு இருந்த உலகத்தை அல்ல, இருக்க வேண்டிய உலகத்தை. அதுவும் தேவைதான், ஆனா அது மட்டுமே போதாது.

இருக்க வேண்டிய உலகத்தைக் காட்டினாலே சிலருக்குப் பொறுக்கவில்லை. எல்லா இனக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுகிற ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969 நவம்பரில் தொடங்கியது. 1970ல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதை ஒளிபரப்ப வேண்டாம் என்று ஓட்டெடுத்தது. செய்தி வெளியே வந்து நாடே பேசியதும் சில வாரங்களில் பின்வாங்கியது.

அப்பாக்கள் எல்லாம் வில்லன்கள்

1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடர்ந்து ஏபிசியில் வந்தது ‘ரூட்ஸ்’. அலெக்ஸ் ஹேலியின் புத்தகத்தைத் தழுவிய தொடர். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட குண்டா கின்டேயும் அவன் வழித்தோன்றல்களும்தான் கதை. ஏதாவது ஒரு பகுதியையாவது பார்த்தவர்கள் சுமார் 13 கோடிப் பேர். நாட்டில் பாதிக்கு மேல்!

நடிகர் தேர்வைக் கவனியுங்க. ‘பொனான்ஸா’வில் நல்ல அப்பாவாக வந்த லார்ன் கிரீன், ‘தி பிரேடி பன்ச்’ அப்பா ராபர்ட் ரீட், ‘தி வால்டன்ஸ்’ அப்பா ரால்ஃப் வெய்ட். முதல் இருவருக்கு அடிமைகளின் எஜமானர் வேடம், மூன்றாமவருக்கு அடிமைக் கப்பலின் மாலுமி வேடம். தெரிந்த முகம் இருந்தால் வெள்ளைக்கார ரசிகர்கள் சேனலை மாற்ற மாட்டார்கள் என்பது கணக்கு. ஆனால் கொடுமை செய்தவர்கள் கொம்பு முளைத்த அரக்கர்கள் இல்லை, மரியாதையான குடும்பத் தலைவர்கள்தான் என்பதும் அதனாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. கப்பல் கேப்டனை மனசாட்சி உறுத்துகிறவராகத் தொடரில் மாற்றிவிட்டார்கள். ஹேலியின் வம்சாவளி ஆராய்ச்சியை வரலாற்றாளர்கள் கேள்வி கேட்டார்கள். இன்னொரு எழுத்தாளரின் நாவலிலிருந்து எடுத்த பகுதிகளுக்காக 1978ல் வழக்கைப் பணம் கொடுத்து முடிக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், தொடர் முடிந்ததும், அதெல்லாம் அந்தக் காலம்னு டிவியை அணைத்துவிட முடிந்தது.

டிவியை அணைத்த பிறகு

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதை, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் ஃபோனில் படம்பிடித்தாள். இரண்டு வாரத்துக்குள், ஜூன் 6 அன்று, சிஎன்என்னும் செசமி ஸ்ட்ரீட்டும் சேர்ந்து குடும்பங்களுக்காக ஒரு நிகழ்ச்சி நடத்தின. எல்மோ என்ற பொம்மை தன் அப்பா லூயியிடம், இவங்க எல்லாம் ஏன் தெருவில் இறங்கியிருக்காங்கன்னு கேட்கும். எல்லாத் தெருவும் நம்ம தெரு மாதிரி இல்லை என்று தொடங்கி அப்பா விளக்குவார். 1970ல் இதே நிகழ்ச்சியைத்தான் ஒரு மாநிலம் வேண்டாம் என்றது.

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. குழந்தையின் மனசில் தங்கி வேலை செய்தவை மூன்று விஷயங்களைச் சேர்த்துக் காட்டியிருக்கின்றன: காயம், அந்தக் காயத்தைச் சாத்தியமாக்கிய விதி, அதை எதிர்த்து நின்ற ஆள். காயத்தை மட்டும் காட்டினால் பயமோ வெறுப்போ பரிதாபமோ மிஞ்சும். நல்லதை மட்டும் காட்டினால், எல்லாம் சரியாயிடுச்சுன்னு குழந்தை நினைச்சிடும். மூன்றும் ஒரே படத்தில் கிடைப்பது அபூர்வம். விட்டுப்போனதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவங்கதான் நிரப்பணும்.

எங்க வீட்டில் இப்போ ஒரு பழக்கம் இருக்கு. இந்த மாதிரி ஆவணப்படம் எது பார்த்தாலும், முடிந்ததும் பிள்ளைகளோடு பத்து நிமிஷம் பேசுவோம். யாருக்கு என்ன நடந்தது? எந்தச் சட்டம் அல்லது வழக்கம் அதை விட்டுவைத்தது? யார் எதிர்த்தாங்க? கடைசியா இன்னொண்ணும் கேட்போம்: இதில் யாரைக் காட்டாம விட்டுட்டாங்க? அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆகும்.