உறவினர் கையில் ஒரு நகல்

சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தோன்றிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் அரசின் வசமாகி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று. இத்தகைய மருத்துவமனை எதிலும் புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்க விழைவோர், 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி நெறிமுறைக் குழுவொன்றின் இசைவைப் பெறவேண்டும். அக்குழுவில் எழுவருக்குக் குறையலாகாது; தலைவர் வெளியாராக இருத்தல் வேண்டும்; உறுப்பினரில் பாதிப்பேரேனும் அந்நிறுவனத்தைச் சாராதவராதல் வேண்டும். சோதனையில் கடுந்தீங்கு நேரின் 24 மணி நேரத்திற்குள் ஆய்வாளர் அதனை அறிவித்தாக வேண்டும். வைத்தியம் செய்தவரே அதன் விளைவுக்கும் நீதிபதியாதல் கூடாது என்பதே இவற்றின் உட்கிடை.

இக்கருத்து நேற்றுப் பிறந்ததன்று. சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் காலத்தவரான அஷ்ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபுக்கு ஒரு கையேடு எழுதினார். அதில் மருத்துவருக்கென ஓர் அத்தியாயம் உண்டு. யவன நாட்டு வழக்கத்தைச் சுட்டித் தொடங்கும் அப்பகுதி கூறுவது இது: மருத்துவர் நோயாளியைக் கண்டதும் தாம் அறிந்ததையும் விதித்த மருந்தையும் எழுதி, சாட்சிகள் முன்னிலையில் உறவினரிடம் ஒரு நகல் தரவேண்டும். நோயாளி இறந்துவிட்டால் உறவினர் அந்நகல்களுடன் தலைமை மருத்துவரிடம் செல்வர். சிகிச்சையில் பிழையில்லையெனில் அவர் அவ்வாறே கூறுவார். அலட்சியம் தெரிந்தால் ஈட்டுத்தொகை கோரச் சொல்வார். நகல் மருத்துவரின் பெட்டியில் அன்று, இழப்புற்றவர் கையில் இருந்தது என்பதை வாசகர் கருத்திற் கொள்க.

நம் காலத்திற்கு வருவோம். சொட்டு மருந்தாகத் தரப்படும் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தொன்று அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்று, குடல் செருகல் என்னும் ஆபத்தினால் 1999இலேயே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் இந்தியாவில் உருவான ரோட்டாவேக், 2011 முதல் தில்லி, புணே, வேலூர் ஆகிய மூவிடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. மூவரில் இருவருக்கு மருந்து, ஒருவருக்குப் போலி மருந்து. யாருக்கு எது என்பதைக் கொடுத்தவரும் அறியார், பெற்றவரும் அறியார். இத்தகைய சோதனைகளில் இடையே அம்மறைவை நீக்கிப் பார்க்கும் உரிமை தனித்த பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவுக்கே உண்டு. 1967இல் அமெரிக்காவில் கிரீன்பர்க் அறிக்கை வற்புறுத்திய ஏற்பாடு இதுவே.

சோதனை முடிந்தபின் வழக்கு எழுந்தது. வேலூரில் நேர்ந்த குடல் செருகல்களின் கணக்கைத் தனியே வெளியிடுமாறு சிலர் கோரினர், நீதிமன்றத்திலும் முறையிடப்பட்டது. ஓரிடத்து எண்ணிக்கை மிகச் சிறியது, அதைப் பிரித்துப் பார்த்தால் தவறான முடிவே கிட்டும் என்பது மறுமொழி. புள்ளியியல் நோக்கில் அது பொருளற்றதன்று. எனினும் அது கணக்கை எப்படிப் படிப்பது என்பதற்கான எச்சரிக்கையேயன்றி, காட்டாதிருப்பதற்குக் காரணமாகாது என்பது என் கருத்து. படிக்கத் தெரிந்தவர்களே அதைக் கேட்டனர்.

2016இல் அம்மருந்து தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2020இல் வெளியான விரிவான கண்காணிப்பு ஆய்வு, குடல் செருகலுக்கும் அதற்கும் தொடர்பு காணவில்லை. அக்கண்காணிப்பு மருந்து ஊர்தோறும் சென்ற பின்னர் நடந்தது. வேலூர்க் கணக்கைக் கேட்டவர்களோ அதற்கு முன்னரே அதனைக் காண விரும்பினர்.