மாட்டுக் கொள்ளைநோயும் மலைநாட்டுத் தோட்டங்களும்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் காட்டை வெட்டுவித்த துரைமாரும், கடல் கடந்து வந்து அக்காட்டை வெட்டிய தொழிலாளரும், கோப்பியும் தேயிலையும் அவ்வரலாற்றின் மாந்தராகவும் பொருளாகவும் இடம்பெறுதல் வழக்கம். இவர்களோடு ஒப்ப உழைத்த மற்றோர் உயிர் உண்டு. அது எருது. திம்புள்ளப் பள்ளத்தாக்கிற்கு முதல் அரிசி மூடையை இழுத்து ஏற்றியதும், அங்கு விளைந்த முதற் கோப்பியை இழுத்து இறக்கியதும் அதுவே. அவ்வெருது நோயுற்றபோது தோட்டம் முழுவதும் நோயுற்றது. அந்நோய் யாது என அறியவும், அறிந்தபின் அடக்கவும் மனிதர் மேற்கொண்ட முயற்சி ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீண்டது.

கண்டியரசர் காலத்தில் மலைநாட்டிற்கும் கரைநாட்டிற்கும் இடையே பண்டங்களைக் கொண்டுசென்றவை தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள். உப்பும் கருவாடும் துணியும் மேலே சென்றன. பாக்கும் பிற மலைபடு பொருள்களும் கீழே வந்தன. 1820களில் ஆங்கில ஆட்சியாளர் கொழும்பு–கண்டி வீதியை அமைக்கத் தொடங்கிய பின்னர், பொதிமாடு நின்ற இடத்தில் வண்டிமாடு வந்து நின்றது. கோப்பிச் செய்கை பெருகப் பெருக வண்டிகளின் தொகையும் பெருகியது. உள்நாட்டு மாடு உருவிற் சிறியது. பாரமான வண்டிக்குத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பெரிய எருதுகள் பெரிதும் விரும்பப்பட்டன.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது 1867ஆம் ஆண்டில். அப்பாதை நாவலப்பிட்டியை 1874இலும், ஹற்றனை 1884இலும், நானுஓயாவை 1885இலுமே அடைந்தது. திம்புள்ளக் காடுகளோ 1860களிலும் 1870களிலுமே வேகமாக வெட்டப்பட்டுத் தோட்டங்களாயின. ஆகவே இப்பகுதி திறக்கப்பட்ட காலம் முழுவதும், புகையிரதம் நின்ற இடத்திற்கும் தோட்டத்திற்கும் இடையே இருந்த மலைவழி எருதின் தோளிலேயே தங்கியிருந்தது. தொழிலாளர் உண்ட அரிசி அம்மலைகளில் விளைவதன்று. இந்தியாவிலிருந்து கப்பலேறிக் கொழும்பு வந்து, அங்கிருந்து மேலேற வேண்டியது. எருதுகள் வீழ்ந்தால் கோப்பி களஞ்சியத்தில் முடங்கும். அது துரைக்கு நட்டம். அரிசி மலையடிவாரத்தில் முடங்கும். அது தொழிலாளிக்குப் பட்டினி. ஒரே நோய் இருவரையும் தாக்கினும் இருவரையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

எருதின் பயன் வண்டியோடு முடிந்ததுமன்று. சரிவான நிலத்தின் மேல்மண்ணை மழை அரித்துச் செல்ல, கோப்பிச் செடி சில ஆண்டுகளிலேயே உரத்தை வேண்டி நின்றது. ஆதலின் தோட்டங்கள் பல தமக்கென மாட்டுப்பட்டிகளை வைத்துக்கொண்டன. சபொனாதியே என்பார் 1866இல் வெளியிட்ட கோப்பிச் செய்கை நூலில் எருவுக்காக மாடு வளர்த்தல் விரிவாகப் பேசப்படுதல் இதற்குச் சான்று. மாடுகளுக்கெனப் புல் நடப்பட்டது. அப்புல்லை அறுக்கவும் எருவைச் சுமக்கவும் தொழிலாளர் அமர்த்தப்பட்டனர். பல மாடுகளை ஒரே கூரையின்கீழ் நெருக்கமாகக் கட்டிவைத்தல் எருச் சேர்ப்பதற்கு ஏற்றது. கொள்ளைநோய் பரவுவதற்கும் அதுவே ஏற்றது.

மலைநாட்டில் கால்நடைகள் கூட்டமாக மடிந்த செய்திகளுள் பலரும் அறிந்த ஒன்று திம்புள்ளவை அடுத்த நுவரெலியாவில் நிகழ்ந்தது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவி, இங்கிலாந்திலிருந்து உயர்ந்த இன மாடுகளையும் பிற விலங்குகளையும் கொண்டுவந்தார். 1855இல் வெளியான தமது நூலில், கொள்ளைநோய் ஒன்று தோன்றிச் சில நாள்களுள் இருபத்தாறு எருதுகள் இறந்தன என்றும், முதலாண்டிலேயே ஆஸ்திரேலியக் குதிரைகள் ஐந்தும் இறந்தன என்றும் அவர் குறித்துள்ளார்.

இக்குறிப்பை மேலோட்டமாகப் படிப்போர், அக்காலத்தில் ஆசியா எங்கும் பரவியிருந்த வெக்கை நோயே அதுவென முடிவு செய்தல் கூடும். ஆனால் வெக்கை பிளவுபட்ட குளம்புடைய விலங்குகளைப் பற்றும் நோய். மாடு, எருமை, ஆடு, பன்றி, மான் ஆகியவற்றை அது தாக்கும். ஒற்றைக் குளம்புடைய குதிரையையும் கழுதையையும் தாக்காது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் திரியும் கழுதைகள், தம் அருகில் மேய்ந்த மாடுகள் வெக்கையால் மடிந்தபோதும் அந்நோயால் மடிந்திரா. எனவே பேக்கரின் குதிரைகள் இறந்தமைக்குக் காரணம் வேறாயிருத்தல் வேண்டும். ஒருவேளை இரு நோய்கள் ஒரே காலத்தில் வந்திருக்கலாம். அன்றி, மாட்டையும் குதிரையையும் ஒருங்கே கொல்லவல்ல அடைப்பான் போன்ற ஒன்று வந்திருக்கலாம். எஞ்சியுள்ள குறிப்பைக்கொண்டு இதற்குமேல் துணிதல் முறையன்று. எனினும் ஐந்து குதிரைகளைப் பற்றிய ஒரு வரி, இருபத்தாறு எருதுகளைப் பற்றிய முடிவையே ஐயத்திற்கு உள்ளாக்குகின்றது.

பழைய ஆவணங்களைப் படிப்போர்க்கு இவ்விடர்ப்பாடு அடிக்கடி நேரும். ஆங்கிலேயர் ‘மறெய்ன்’ என்ற ஒரே சொல்லால் மாடுகளை வீழ்த்திய எல்லா நோயையும் சுட்டினர். நாட்டு வழக்கோ இதனினும் நுட்பமானது. வெக்கை, கோமாரி, அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய் எனத் தமிழ் உழவர் தனித்தனிப் பெயரிட்டனர். வெக்கையில் கடுங்காய்ச்சல் தோன்றும். கண்ணும் மூக்கும் ஒழுகும். வாயினுள் புண் பரவும். பின் இரத்தங் கலந்த கழிச்சல் கண்டு, ஒன்றிரு வாரத்துள் மாடு நீர் வற்றி இறக்கும். கால்வாய் நோய் எனப்படும் கோமாரியிலும் வாயிற் புண் உண்டு. ஆயினும் குளம்பிடையிலும் கொப்புளம் தோன்றும். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைக்கும், ஆனால் வாரக்கணக்கில் நுகம் ஏற்காது. தொண்டை அடைப்பானில் கழுத்து வீங்கி மூச்சுத் திணறும். ஓரிரு நாளில் முடிவு நேரும். அடைப்பானிலோ மாடு திடீரென விழும். உறையாத கரிய இரத்தம் துளைகளின் வழியே கசியும். அவ்வுடலை அறுத்தால் நோய்வித்து மண்ணிற் கலந்து பல்லாண்டு நிலைக்கும்.

இவ்வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. கோமாரி கண்ட மாட்டைக் கொன்றுவிட்டால் பிழைக்கவிருந்த உயிர் வீணே போகும். வெக்கை கண்ட மாட்டைக் கோமாரி என எண்ணிப் பட்டியில் வைத்துக்கொண்டால் பட்டி முழுவதும் போகும். அடைப்பானால் இறந்ததைத் தோலுக்காக உரித்தால் உரித்தவரின் உயிருக்கே கேடு வரும். மலைவழியில் நின்ற வண்டிக்காரர் இம்முடிவைச் சில மணி நேரத்துள், துணை எவரும் இன்றிச் செய்யவேண்டியிருந்தது.

வண்டிக்காரரின் நிலையை எண்ணுங்கால் நோய் பரவிய வகையும் விளங்கும். வண்டிகள் இரவில் தங்கும் இடங்கள் குறிப்பிட்டவை. ஒரே தொட்டியில் நீர் அருந்தி, ஒரே தரையிற் படுத்து, விடியலில் பல திசையாகப் பிரிந்து செல்லும் எருதுகளைவிடச் சிறந்த நோய்த்தூதர் வேறில்லை. வெக்கையின் வைரசு வெளியில் நெடுநேரம் உயிர்வாழாது. அது பரவுதற்கு நோயுற்ற மாடும் நலமுற்ற மாடும் நெருங்கி நிற்றல் வேண்டும். அந்நெருக்கத்தை வீதி தந்தது. வெக்கை கண்டு பிழைத்த மாட்டிற்கு அந்நோய் வாழ்நாளில் மீண்டும் வருவதில்லை. முன்னர் அந்நோயைக் கண்டறியாத மலைநாட்டு மந்தையில் அது புகுந்தால் பத்தில் எட்டு ஒன்பது மாடுகளும் மாளுதல் கூடும்.

மேலும், ஓர் இணை எருது வண்டிக்காரரின் முதல் முழுவதும் ஆகும். பெரும்பாலும் கடன்பட்டு வாங்கிய முதல். ஓர் எருது சோர்ந்தது கண்டால் அதனை அதிகாரிக்கு அறிவித்து வழியில் தடுத்துவைக்கப்படுவதா, அன்றி எப்படியாவது சுமையை இறக்கிக் கூலியைப் பெறுவதா என்ற வினா அவர்முன் நின்றது. அவர் இரண்டாவதைத் தெரிந்தாராயின் அதனை அறியாமை என்று மட்டும் இகழ்தல் நீதியன்று. அறிவிப்பவனைத் தண்டித்து மறைப்பவனை வாழவிடும் ஏற்பாடு எதுவோ, அதுவே நோயை வளர்க்கும் ஏற்பாடு.

நாட்டு வைத்தியமும் அக்காலத்தில் தன்னால் இயன்றதைச் செய்தது. மாட்டு வாகடம் எனப்படும் ஏடுகள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வழங்கின. மூலிகைச் சாறும் மஞ்சளும் உப்பும் வேம்பும் புண்ணுக்கும் வயிற்றுக்கும் பயன்பட்டன. குறிசுடுதல் என்னும் முறையும் பரவலாக நிலவியது. கொள்ளைநோய்க்கு அதனால் பயன் விளைந்ததில்லை, விலங்கிற்கு வேதனையே மிஞ்சியது. வைரசு நோயை ஒழிக்கும் மருந்து வாகடத்தில் இல்லை. அக்கால ஐரோப்பிய வைத்தியத்திலும் இல்லை. நோயுற்றதை ஒதுக்கிக் கட்டுதல் என்ற ஒன்றே இருசாராரும் கண்ட பயனுள்ள முறை.

உலகின் முதல் மிருக வைத்தியக் கல்லூரி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் நிறுவப்பட்டதற்கே மாட்டுக் கொள்ளைநோய் ஒரு பெருங்காரணம். 1865இல் இங்கிலாந்தில் வெக்கை பரவியபோது, அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் நோயுற்ற மாடுகளைக் கொல்லவும், உடையவர்க்கு இழப்பீடு வழங்கவும் வகைசெய்தது. இந்தியாவில் ஹாலன் தலைமையிலான ஆணைக்குழு கால்நடைக் கொள்ளைநோயை ஆராய்ந்து 1871இல் அறிக்கை தந்தது. 1889இல் பூனாவில் தொடங்கிய நுண்ணுயிர் ஆய்வுகூடம் 1893இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. 1920களில் அங்கே எட்வேர்ட்ஸ் என்பார் ஆட்டின் உடல்வழியே வலுக்குறைத்த வைரசினைத் தடுப்பு மருந்தாக்கினார். 1960ஆம் ஆண்டளவில் கெனியாவில் பிளவ்றைற் உருவாக்கிய தடுப்பு மருந்து மேலும் தீங்கற்றதாய் அமைந்தது.

இலங்கையில் 1909ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளின் தொற்றுநோய்களைக் கட்டுப்படுத்த வழிவகுத்தது. 1940களின் நடுப்பகுதியில் வெக்கை இத்தீவிலிருந்து நீங்கியது. 1947இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியக் கல்வி தொடங்கிற்று. பின்னர் அது பேராதனையில் நிலைபெற்றது. நோய் மறக்கப்பட்டது. மறதிக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1987இல், போர்ச்சூழலில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வெக்கை மீண்டும் தீவினுட் புகுந்தது. நாற்பது ஆண்டு நோயறியாத மந்தைகளுக்கு எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. 1994க்குப் பின்னரே அது இங்கு அடங்கியது. 2011ஆம் ஆண்டில், உலகம் முழுவதிலும் வெக்கை ஒழிந்தது என அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின்னர் மனித முயற்சியால் உலகிலிருந்து நீங்கிய இரண்டாம் நோய் இதுவே.

திம்புள்ளவில் இதற்கிடையே எருதின் காலம் முடிந்துவிட்டது. கோப்பியை 1869இல் தோன்றிய இலைநோய் அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. புகையிரதமும் பின்னர் லொறியும் வண்டியை ஒதுக்கின. ஆயினும் மாடு மலையைவிட்டு நீங்கவில்லை. துரையின் பட்டியிலிருந்து அது தொழிலாளியின் லயத்துக் கொல்லைக்கு இடம்பெயர்ந்தது. எருதாக இருந்தது பசுவாக மாறியது. தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து மீளும் பெண்கள் தலையிற் புற்கட்டுடன் வரும் காட்சி அம்மாற்றத்தின் சான்று. தமக்கென நிலமில்லாத குடும்பத்திற்கு ஒரு பசு பாலும், மரக்கறிப் பாத்திக்கு எருவும், இடருக்கு விற்கத்தக்க செல்வமும் ஆகும்.

அப்பசுவின் நோய்கள் வேறு. ஐரோப்பிய இனக் கலப்புடைய பசு பால் மிகுதியாகத் தரும். அதனாலேயே மடியழற்சிக்கும், கன்றீன்றபின் வரும் பாற் காய்ச்சலுக்கும் எளிதில் ஆளாகும். இவற்றை முந்தி அறிதற்குப் பெருங்கருவி வேண்டுவதில்லை. கறக்கும் முன்னர் முதற் பாலைக் கரிய துணியில் விட்டுத் திரள் உண்டா எனப் பார்த்தல், மடியின் சூட்டைக் கையால் அறிதல், ஈரமற்ற தரையில் கட்டுதல், கைகழுவிக் கறத்தல் ஆகியன எவர்க்கும் இயல்வன. ஈன்ற பசு எழமாட்டாது கழுத்தைப் பக்கவாட்டில் மடித்துக் கிடந்தால், அது சோம்பலன்று, சுண்ணச் சத்துக் குறைவு. வைத்தியரைத் தாமதமின்றி அழைத்தல் வேண்டும். கொள்ளைநோயும் முற்றாக விடைபெறவில்லை. கால்வாய் நோய் இடையிடையே வருகின்றது. 2020இல் வடபகுதியில் தோன்றிய தோல் கழலை நோய், இத்தீவு முன்னர் அறியாதது.

பழைய வண்டிக்காரரை எதிர்நோக்கிய வினாவே இன்று லயத்துப் பசுவின் உடையவரையும் எதிர்நோக்குகின்றது. நோயை அறிவித்தால் தமக்கு உதவி வருமா, இழப்பு வருமா? சட்டமும் தடுப்பு மருந்தும் உலகில் ஒரு கொள்ளைநோயை ஒழித்தன என்பது உண்மை. ஆனால் அவை வென்றது, மாட்டை உடையவர் அதிகாரியை நம்பி முன்வந்த இடங்களிலேயே. பட்டிப்பொங்கலன்று மாட்டின் கொம்பிற்கு மாலை சூட்டி நன்றி கூறும் சமுதாயம், ஏனைய நாள்களில் அதன் நோயைப் பெயரறிந்து நோக்குமாயின், அந்நன்றி நிறைவு பெறும்.