நியோஷோ என்னும் எண்ணெய்க் கப்பல்

கடற்போர்களின் வரலாற்றில் விமானந்தாங்கிக் கப்பல்களின் பெயர்களே பெரிய எழுத்தில் நிற்கின்றன. அவற்றிற்கு எண்ணெய் வார்த்த கலங்களோ அடிக்குறிப்புகளில் மறைந்து கிடக்கின்றன. மும்பையிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் வாழும் நேயர்கள் எண்ணெய்க் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்பதைக் கண்டிருப்பர். நீண்ட உடலும் தாழ்ந்த மேல்தளமும் உடைய அவற்றைக் கண்கொட்டாமல் பார்த்தவர் அரியர். அத்தகைய கப்பல் ஒன்று பசிபிக் பெருங்கடலில் ஆற்றிய பணியையும் அதற்கு நேர்ந்த முடிவையும் இங்கே சொல்ல விழைகிறோம்.

அமெரிக்கக் கடற்படை தன் எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்களைச் சூட்டுவது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. கான்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் ஓடும் ஆறு ஒன்றின் பெயர் நியோஷோ. அப்பெயர் தாங்கிய கப்பல் 1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் பணியேற்றது. நீளம் 553 அடி. வேகம் மணிக்கு 18 கடல் மைல். சரக்குக் கப்பலுக்கு இது மிகுதியான வேகமே. ஆனால் படையணியோடு பின்தங்காமல் செல்லவேண்டிய கப்பலுக்கு இது இன்றியமையாதது. போர்க்கப்பல்கள் துறைமுகம் திரும்பாமலே, ஓடிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் ஓடும் கலத்திலிருந்து குழாய் வழியே எண்ணெய் பெறும் முறை 1917இல் மாமீ என்ற எண்ணெய்க் கப்பலில் உருப்பெற்றது. அதில் பெரும் பங்கு கொண்ட இளம் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். பிற்காலத்தில் பசிபிக் கடற்படை முழுவதற்கும் தலைமை ஏற்றவர் அவரே.

1941 டிசம்பர் 7ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது நியோஷோ ஃபோர்டு தீவின் எண்ணெய்த் துறையில் கட்டப்பட்டிருந்தது. பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்றதும் அத்தீவின் ஓரத்திலேதான். விமானத்திற்குரிய பெட்ரோலை அது அப்போதுதான் கரையில் இறக்கியிருந்தது. பெட்ரோல் நீங்கிய தொட்டியில் தேங்கும் ஆவி, நிறைந்த தொட்டியைவிடக் கொடியது. ஒரு குண்டு விழுந்திருந்தால் அண்டை அயலில் இருந்த கப்பல்களும் எரிந்திருக்கும். கப்பல் தலைவர் ஜான் ஃபிலிப்ஸ் குண்டுமழைக்கு நடுவே கலத்தைப் பின்னோக்கிச் செலுத்தி, கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவைக் கடந்து வெளியேற்றினார். அச்செயலுக்குக் கடற்படை அவருக்குச் சிலுவைப் பதக்கம் அளித்தது.

ஐந்து மாதம் கழிந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே பவளக் கடலில், போர்ட் மோர்ஸ்பியைக் கைப்பற்ற வந்த ஜப்பானியரை எதிர்த்து அமெரிக்க அணி நின்றது. 1942 மே 6ஆம் நாள் நியோஷோ, யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக்கும் அஸ்டோரியா என்ற குரூசர் கப்பலுக்கும் எண்ணெய் வார்த்தது. பின்னர், போர் நிகழும் இடத்தில் அதற்கு வேலை இல்லை என்று கருதி, ஸிம்ஸ் என்ற நாசகாரிக் கப்பலைத் துணைக்கு விட்டுத் தெற்கே அனுப்பினர். அதுவே பாதுகாப்பான திசை என்று அனைவரும் நம்பினர்.

மறுநாள் காலை ஜப்பானிய வேவு விமானம் இவ்விரண்டையும் கண்டது. உயரத்திலிருந்து நோக்கியவருக்கு நீண்ட எண்ணெய்க் கப்பல் விமானந்தாங்கியாகவும், நாசகாரி குரூசராகவும் தோன்றின. அவ்வாறே செய்தி போயிற்று. 78 விமானங்கள் புறப்பட்டன. வந்து பார்த்தபோது விமானந்தாங்கி எங்கும் இல்லை. நெடுநேரம் தேடியபின், நண்பகலை ஒட்டி, குண்டு வீழ்த்தும் விமானங்கள் கிடைத்த இலக்கின் மேலேயே பாய்ந்தன. அதே காலையில் அமெரிக்கரும் ஒரு தவறான செய்தியைப் பின்தொடர்ந்து சென்றனர் என்பது விந்தை. சங்கேதக் குறியீட்டில் நேர்ந்த பிழையால், சிறு கப்பல்கள் இரண்டு விமானந்தாங்கிகளாக அறிவிக்கப்பட்டிருந்தன. வழியில் ஷோஹோ என்ற உண்மையான விமானந்தாங்கி அகப்பட்டதும் அதை அவர்கள் மூழ்கடித்ததும் பெரும்பாலும் நற்பேறே.

ஸிம்ஸ் மூன்று குண்டுகள் பட்டு உடைந்து மூழ்கியது. அதிலிருந்து உயிர் பிழைத்து நியோஷோவை அடைந்தவர் பதினைந்து பேர் அளவிலேயே இருப்பர். நியோஷோவின் மீது ஏழு குண்டுகள் விழுந்தன; அடிபட்ட விமானம் ஒன்றும் அதன்மேல் வந்து மோதியது. எஞ்சின் நின்றது, தளமெங்கும் தீ. இந்நிலையில் ஃபிலிப்ஸ், கப்பலைவிட்டு நீங்க ஆயத்தமாகி அடுத்த கட்டளைக்குக் காத்திருக்குமாறு ஆணையிட்டார். ஆயத்தமாகுங்கள் என்பதும் நீங்குங்கள் என்பதும் ஒன்றல்ல. ஒரு சொல்லைப் பிறமொழியில் பெயர்க்கும் தொழிலில் இருக்கும் நாம், நாள்தோறும் இத்தகைய வேறுபாடுகளைத் தாள்மேல் எடைபோடுகிறோம்; பிழைத்தால் திருத்திக்கொள்ள நேரமும் உண்டு. அங்கே புகையிலும் இரைச்சலிலும் பலர் பின்னதையே கேட்டனர். மிதவைகள் அவிழ்க்கப்பட்டன, பலர் கடலில் குதித்தனர். படகுகள் சென்று சிலரை மீட்டன. இருள் கவிந்தபின் எஞ்சியவர் அகன்று போயினர்.

கப்பலோ மூழ்கவில்லை. பல அறைகளாகப் பிரிக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டிகளே அதைத் தாங்கி நின்றன. ஆஸ்கர் பீட்டர்சன் என்ற கொதிகலன் பணியாளர், தாம் முன்னரே காயமுற்றிருந்தும், கொதிநீராவியில் உடல் வெந்துபோக, நீராவிக் குழாய்களின் அடைப்பான்களைத் தம் கையால் மூடினார். சில நாட்களில் அவர் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

மற்றொரு பிழையும் நேர்ந்தது. கப்பல் தன் இருப்பிடத்தைக் கணித்து வானொலியில் அறிவித்த எண்கள் தவறானவை. தேடிச் சென்றவர்கள் குறிப்பிட்ட இடத்தில் வெறுங்கடலையே கண்டனர். சாய்ந்த தளத்தில், காயமுற்றவர்களுக்கு வெயிலிலிருந்து நிழல் தேடியபடி, நியோஷோ நான்கு நாட்கள் மிதந்தது. மே 11ஆம் நாள் ஹென்லி என்ற நாசகாரி வந்து, ஸிம்ஸின் மாலுமிகள் உட்பட 123 பேரை ஏற்றிக்கொண்டது. இழுத்துச் செல்ல இயலாத அந்தக் கலத்தைத் தன் பீரங்கியாலும் டார்ப்பிடோவாலும் அதுவே மூழ்கடித்தது.

மிதவைகளில் போனவர்கள் 68 பேர். மிதவைகளை ஒன்றோடொன்று கட்டி அவர்கள் மிதந்தனர்; உணவும் குடிநீரும் மிகச் சொற்பம். மே 16ஆம் நாள் ஹெல்ம் என்ற நாசகாரி ஒரு மிதவையைக் கண்டது. அதில் உயிரோடு இருந்தவர் நால்வர். அந்நால்வரிலும் இருவர் பின்னர் இறந்தனர்.