புல்தரையில் மதராஸ் கைகள்

புல்தரையில் பந்து அதிகம் எழும்பாது. வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும். புல் தேய்ந்த இடத்தில் பட்டால் எதிர்பாராத பக்கம் திரும்பும். களிமண் தரையில் பின்வாங்கி நின்று, பந்து மேலே வரும்வரை காத்திருந்து அடிக்கலாம். புல்லில் அந்த அவகாசம் கிடையாது. மட்டையை நீளமாகப் பின்னுக்கு இழுப்பவரைப் பந்து முந்திவிடும். அதனால் இடி மாதிரி சர்வீஸ் போடுபவருக்கே புல் சாதகம் என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கி, மணிக்கட்டின் சிறு திருப்பலில் பந்தை வேறு திசைக்கு அனுப்பத் தெரிந்தவருக்கும் புல் இடம் கொடுத்தது. சென்னை உலக டென்னிஸுக்குக் கொடுத்த முதல் பெரிய வீரர் இந்த இரண்டாவது ரகம்.

நாகர்கோவிலில் 1937-இல் பிறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே. ராமநாதனே பயிற்சியாளர். 1954-இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் ஆசியர் அவர்தான். அவருடைய சர்வீஸ் மென்மையானது. இன்றைய கணக்கில் அதை ஆயுதம் என்றே சொல்ல முடியாது. அதை வைத்துக்கொண்டே 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை 6-1, 6-4, 6-4 என்று நேர் செட்களில் வீழ்த்தினார். எமர்சன் ஓட்டத்துக்கும் உடல் வலுவுக்கும் பெயர் போனவர். பின்னாளில் அதே விம்பிள்டனை இருமுறை வென்றவர். இரண்டு அரையிறுதிகளிலும் கிருஷ்ணனைத் தோற்கடித்த நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள் ஆனார்கள்.

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை ஓரளவு எளிது. புல் கோர்ட் என்பது அன்றாடம் தண்ணீரும் உருளையும் வெட்டும் ஆளும் கேட்கும் செலவு. அது மதராஸ், கல்கத்தா போன்ற நகரங்களின் கிளப்புகளில் வாழ்ந்தது. கரும்பு வயல்களுக்கு நடுவே உள்ள முண்டியம்பாக்கத்தில் கிருஷ்ணனின் கை கொண்ட ஒரு பையன் பிறந்திருந்தால், அவன் கபடியோ வாலிபாலோ ஆடியிருப்பான். அந்தக் கை யாருக்கும் தெரிந்திருக்காது. கிருஷ்ணனின் மகன் ரமேஷ் தந்தைக்குச் சரியாக 25 ஆண்டுகள் கழித்து, 1979-இல், அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். ரத்தம் என்று பேசுகிறவர்கள் வீட்டில் இருந்த பயிற்சியையும் கோர்ட்டையும் மறந்துவிடுகிறார்கள்.

முனைப்பு பற்றிய கேள்விதான் சிக்கலானது. மதராஸ் வீரர்கள் அழகாக ஆடுவார்கள், அடித்து முடிக்கும் வெறி இல்லை என்ற குறை நெடுங்காலம் சொல்லப்பட்டது. இதற்கு எடுத்துக்காட்டாக அதிகம் இழுக்கப்பட்டவர் விஜய் அமிர்தராஜ். 1973-இல் 19 வயதில் விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷிடம் ஐந்தாவது செட்டை 7-5 என்று இழந்தார். வீரர் சங்கத்தின் புறக்கணிப்பால் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் வராத ஆண்டு அது. கோடெஷ்தான் பட்டம் வென்றார். 1979-இல் நடப்புச் சாம்பியன் போர்க்கை இரண்டாம் சுற்றில் சந்தித்து இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலை பெற்றார். நான்காவது செட் டைபிரேக்கரில் போனது, ஐந்தாவது 6-2. 1981 காலிறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்களையும் எடுத்துவிட்டு அடுத்த மூன்றையும் விட்டார்.

மூன்றும் தோல்விகள். ஆனால் ஆட்டத்தின் தரம் என்று பார்த்தால், அந்த ஆண்டுகளில் போர்க்கையும் கானர்ஸையும் புல்லில் இவ்வளவு நெருக்கடிக்குக் கொண்டுவந்தவர்கள் குறைவு. நல்ல ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோற்றாக வேண்டும். சிறு வயதில் மூச்சுக் கோளாறால் அவதிப்பட்டு, உடம்பு தேறுவதற்காகவே டென்னிஸில் சேர்க்கப்பட்டவர் விஜய். ஐந்தாவது செட்டில் தளர்ந்ததை மனத்தின் குறையாக மட்டும் எழுதிவிடுவது நியாயமல்ல.

குறை சொன்னவர்கள் நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஜாக் கிரேமர் ஒன்றரை லட்சம் டாலர் தருவதாகச் சொல்லித் தன் தொழில்முறைக் குழுவுக்கு அழைத்தபோது கிருஷ்ணன் மறுத்தார். அன்று தொழில்முறைக்குப் போனால் விம்பிள்டனும் இல்லை, நாட்டுக்காக ஆடுவதும் இல்லை. 1966-இல் கல்கத்தா புல்லில், பிரேசிலுக்கு எதிரான மோதல் 2-2 என்று நின்றபோது, கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக் அவரை இரண்டுக்கு ஒன்று என்று முந்தி, நான்காவது செட்டில் 5-2 என்றும் முன்னேறியிருந்தார். கிருஷ்ணன் அடுத்த ஐந்து கேம்களையும் எடுத்து 7-5 என்று அந்த செட்டை வென்றார். கடைசி செட் 6-2. இந்தியா முதன்முறையாக, நடப்புச் சாம்பியனுடன் மோதும் சவால் சுற்றுக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றாலும், அந்த ஒரு வெற்றியை நியூகோம்ப், ரோச் ஜோடிக்கு எதிராகக் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் எடுத்துக் கொடுத்தார்கள்.

1987-இல் இதே கதை சிட்னியில் நடந்தது. நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியா, அவர்கள் ஊர், அவர்கள் புல். மோதல் மீண்டும் 2-2. வாலி மசூரை எதிர்த்து இறங்கிய ரமேஷ் கிருஷ்ணன் 8-6, 6-4, 6-4 என்று முடித்தார். தந்தையைப் போலவே மென்மையான சர்வீஸ், நேரத்துக்கு முன்பே பந்தைச் சந்திக்கும் கை. முந்தைய ஆண்டு விம்பிள்டன் காலிறுதியில் ஸிவோயினோவிச்சின் சர்வீஸுக்கு முன்னால் நின்றுபோன அதே ஆட்டம்தான். இறுதிப் போட்டி ஸ்வீடனில், உள்ளரங்கக் களிமண் தரையில் நடந்தது. இந்தியா 5-0 என்று தோற்றது.

தனக்காக ஆடும்போது கைத்திறனும், நாட்டுக்காக ஆடும்போது பிடிவாதமும் மேலோங்கியது இந்தத் தலைமுறைகளின் குணம் என்று சொல்லலாம். காசு அமைப்பும் அதற்குக் காரணம். அமெச்சூர் காலத்தில் வளர்ந்த குடும்பங்கள் அவை. டேவிஸ் கோப்பை அணியில் இடம் பெறுவதே அங்கே உச்ச மரியாதை.

1974 வரை நான்கு பெரும் போட்டிகளில் மூன்று புல்லில் நடந்தன. அமெரிக்க ஓபன் 1975-இலும் ஆஸ்திரேலிய ஓபன் 1988-இலும் புல்லைக் கைவிட்டன. சென்னையில் நுங்கம்பாக்கம் அரங்கம் கடினத் தரையோடு எழுந்தது. 1997 முதல் அங்கே நடந்த சென்னை ஓபனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் புல் வருடத்தில் சில வாரங்களின் விருந்தாளி. ஆனாலும் சென்னையின் ராம்குமார் ராமநாதன் 2017-இல் அண்டால்யா புல்தரையில் டொமினிக் தீமை நேர் செட்களில் வீழ்த்தினார், அடுத்த ஆண்டு நியூபோர்ட் இறுதிக்கும் போனார். 2019 பிப்ரவரியில் டேவிஸ் கோப்பையில் இத்தாலியை எதிர்கொள்ள இந்தியா மறுபடியும் கல்கத்தா சவுத் கிளப்பின் புல்லைத் தேர்ந்தெடுத்தது. ராம்குமாரும் பிரஜ்னேஷும் ஆடிய மூன்று ஒற்றையர் ஆட்டங்களில் ஒரு செட் கூடக் கிடைக்கவில்லை. இத்தாலி 3-1 என்று வென்றது. அந்த அணியில் இருந்த பெரெட்டினி 2021-இல் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆடினார்.