பூட்டுறது ஈஸி, கழட்டுறதுதான் மேட்டரு!

போன மாசம் நான் சிக்னல்ல விழுந்த கதையில இருந்து ஆரம்பிக்கறேன். சிரிக்காம படிங்க மக்கா.

சிவப்பு விழுந்துச்சு. பிரேக் பிடிச்சேன். சைக்கிள் நின்னுச்சு. காலைக் கீழ ஊனலாம்னு பார்த்தா கால் வரலை. வெட்டின வாழைமரம் மாதிரி அப்படியே இடது பக்கம் சாய்ஞ்சேன். பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர், "என்ன சார், காலைக் கட்டிப் போட்டுக்கிட்டா ஓட்டறீங்க?"ன்னார். ஆமா, கட்டித்தான் போட்டிருந்தேன். புதுசா வாங்கின க்ளிப்லெஸ் பெடல்!

முழங்கையில மருந்து போட்டுக்கிட்டே, "இதை எவன்யா கண்டுபிடிச்சான்?"னு தோண்ட ஆரம்பிச்சேன். அதோட விளைவுதான் இந்தப் பதிவு.

முதல்ல பேரு. ஷூவையும் பெடலையும் 'க்ளிக்'னு பூட்டுற சாமானுக்கு ஏன் 'க்ளிப் இல்லாதது'ன்னு பேரு? அந்தக் காலத்து ரேஸ் சைக்கிள்ல பெடல் முன்னாடி ஒரு கம்பிக்கூடு இருக்கும், பேரு டோ க்ளிப். காலை அதுக்குள்ள நுழைச்சு தோல் வாரை இழுத்து இறுக்கணும். வெளிய வரணும்னா குனிஞ்சு கையால வாரைத் தளர்த்தணும். அந்தக் கூடு இல்லாத பெடல்ங்கறதால இது 'க்ளிப்லெஸ்'. அவ்ளோதான்.

கூட்டைத் தூக்கிப் போடணும்ங்கற ஆசை ரொம்பப் பழசு. 1895லயே சார்லஸ் ஹான்சன்ங்கறவர் காலைத் திருப்பிப் பூட்டுற பெடல் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். அது பரவலை. 1970கள் தொடக்கத்துல இத்தாலிக்காரர் சினோ சினெல்லி எம்71னு ஒரு பெடல் கொண்டு வந்தார். நல்லாவே பூட்டும். ஆனா கழட்டணும்னா குனிஞ்சு பெடல்ல இருக்கற நெம்புகோலைக் கையால தள்ளணும். விழப்போற நேரத்துல யாருக்குங்க அதுக்கு டைம் இருக்கு? 'சாவு பெடல்'னு பட்டப்பேரே வெச்சுட்டாங்க.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. காலைப் பிடிச்சு வைக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. சரியான நேரத்துல விடறதுக்குத்தான் யாருக்கும் வழி தெரியலை.

அந்த வழி சைக்கிள்காரங்க கிட்ட இருந்து வரலை, பனிச்சறுக்குல இருந்து வந்துச்சு. பிரான்ஸ்ல நெவேர்ங்கற ஊர்ல இருந்த லுக் கம்பெனி பனிச்சறுக்குப் பலகையில ஷூவைப் பூட்டுற பைண்டிங் செஞ்சவங்க. ஆள் விழும்போது ஷூவை விடலைன்னா கால் எலும்பு முறிஞ்சுடும். அதனால 'எப்போ விடணும்'ங்கறதுதான் அவங்க தொழிலே. அதே யோசனையை பெடலுக்குக் கொண்டு வந்தாங்க. மேல இருந்து மிதிச்சா பூட்டும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினா விடும். கைக்கு வேலையே இல்லை! 1984ல வந்துச்சு. 1985ல பெர்னார்ட் ஹினோ இந்தப் பெடலோட டூர் டி பிரான்ஸ் ஜெயிச்சார், அவருக்கு அது அஞ்சாவது வெற்றி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எல்லாரும் மாறினாங்க.

ஆனா கதை முடியலை. கால் ஒரே கோணத்துல அசையாம மாட்டிக்கிட்டு ஆயிரக்கணக்கான தடவை மிதிச்சா முழங்கால் சும்மா இருக்குமா? லுக்கோட பைண்டிங் மூளையா இருந்த ஜான் பெய்ல் வெளிய வந்து 1987ல டைம் கம்பெனி ஆரம்பிக்கறதுல பங்கெடுத்தார். பூட்டியிருக்கும்போதே கால் கொஞ்சம் ஆடலாம்ங்கறது அவங்க பெடலோட விசேஷம். இதைத்தான் ஃப்ளோட்ங்கறாங்க. ஆக, பிடிச்சிருக்கும்போதும் கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்!

1990ல ஷிமானோ எஸ்.பி.டி.யைக் கொண்டு வந்தாங்க. ஷூ அடியில மாட்டுற க்ளீட் சின்னது, ரெண்டே திருகாணி, சோலுக்குள்ள அமுங்கி இருக்கும். இறங்கி மனுஷன் மாதிரி நடக்கலாம். மூணு திருகாணி ரோடு க்ளீட்டைப் போட்டா வாத்து நடைதான்.

சரி, எதை வாங்கறது? இந்த வரலாறே பதில் சொல்லுது. ரேஸ், நீண்ட தூரம், வழியில இறங்கற வேலை இல்லைன்னா மூணு திருகாணி. சிக்னல், டீக்கடைன்னு நின்னு நின்னு போறவங்களுக்கு ரோடு பைக்கா இருந்தாலும் எஸ்.பி.டி.யே தேவலாம். அதுல பல பக்கமும் விடற எஸ்.எச்.56 க்ளீட் புதுசா பழகறவங்களுக்குத் தெய்வம். முழங்கால் வலி இருந்தா ஃப்ளோட் அதிகமா எடுங்க. இதுல கலரைப் பார்த்து ஏமாறாதீங்க! ஷிமானோ ரோடு க்ளீட்ல சிவப்புன்னா 0 டிகிரி, மஞ்சள்தான் 6. லுக் கியோவில சிவப்புன்னா 9, கறுப்புதான் 0.

நான் ஏன் விழுந்தேன்னு கேக்கறீங்களா? ஸ்பிரிங்கை இறுக்கற குட்டித் திருகாணி முழுசா முறுக்கி இருந்துச்சு. வாங்கினப்போ நான் பார்க்கவே இல்லை. அல்லன் கீயை வெச்சுத் தளர்த்தி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஐம்பது தடவை மாட்டிக் கழட்டிப் பழகினேன். நேத்து அதே சிக்னல். நிக்கறதுக்கு முன்னாடியே குதிகாலைத் திருப்பினேன், கால் வந்துடுச்சு. பார்த்துச் சிரிக்க அந்த ஆட்டோக்காரர்தான் இல்லை.

நீங்க விழுந்த கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும்தான்னா ரொம்ப வெக்கமா இருக்கு :-)